கரையில் கத்தும் எஞ்சின்: வீட்டில் உப்புக் கழுவும்போது சத்தத்தைக் குறைப்பது எப்படி

திருகோணமலைக் கரையில் திருக்கடலூரிலும் சல்லியிலும் இரா முழுதும் கடலில் கிடந்த படகுகள் விடியப்புறம் கரை சேரும். மீன் இறக்கி முடிந்ததும் பல வீடுகளில் அடுத்த வேலை, எஞ்சினைக் கழற்றி முற்றத்துக்குக் கொண்டுவந்து நல்ல தண்ணீரில் உப்புக் கழுவுவது. எஞ்சினைக் கொளுவி நிறுத்தும் சட்டமான தாங்கியில் மாட்டி, ஹோஸ் பைப்பைப் பொருத்தி, கயிற்றை இழுத்த கணத்திலேயே ஒழுங்கை முழுக்க விழித்துவிடும். கரையை அணுகும்போது அணியத்தில் இருப்பவரோடு பேசிக்கொண்டு வரும் அளவுக்கு அடங்கியிருந்த அதே எஞ்சின்தான். முற்றத்தில் அது ஏன் இப்படிக் கத்துகிறது?

எஞ்சினில் ஒரு பழுதும் இல்லை. அதன் சைலன்சரைக் கடலில் விட்டுவிட்டு வந்திருக்கிறோம், அவ்வளவுதான். மோட்டார் சைக்கிளின் புகைக்குழாயில் சத்தத்தை அடக்கவென்று ஓர் இரும்புப் பெட்டி இருக்கிறது. படகு எஞ்சினைச் செய்தவர்கள் அந்த வேலையில் பெரும்பங்கைத் தண்ணீரிடம் ஒப்படைத்துவிட்டார்கள். வீட்டில் சத்தத்தைக் குறைக்க வேண்டுமானால் புகை வெளியேறும் வாய்க்கு மறுபடி தண்ணீரைக் கொடுக்க வேண்டும். மற்ற எல்லா உத்தியும் அதற்குப் பிறகுதான்.

சத்தம் வரும் வழிகள்

சிலிண்டரில் எரிந்த புகை எஞ்சினின் காலுக்குள், அதாவது தண்ணீருக்குள் இறங்கி நிற்கும் கீழ்ப்பகுதிக்குள், கீழ்நோக்கி இறங்குகிறது. வழியில் எஞ்சினைக் குளிர்த்திவிட்டு வரும் தண்ணீரும் அதோடு சேர்கிறது. இரண்டும் சேர்ந்து புரொப்பல்லரின் நடுக்குழல் வழியாக, அல்லது சில சிறிய எஞ்சின்களில் புரொப்பல்லருக்கு மேலே கிடையாக நிற்கும் தட்டுக்கு அடியில், வெளியேறுகின்றன. கடலில் இந்த வாய் ஒரு சாணுக்கும் மேலான ஆழத்தில் இருக்கும். புகை அங்கே குமிழ் குமிழாக உடைந்து, குளிர்ந்து, அடியின் வேகத்தை இழக்கிறது. காற்றில் உள்ள ஒலி தண்ணீருக்குள் இலேசில் தாவாது. தண்ணீரின் முகத்தில் பட்டு, பெரும்பகுதி வந்த வழியே திரும்பிவிடும். கரையில் அந்த வாய் திறந்த வெளியைப் பார்த்து நிற்கிறது. நடுவே எதுவும் இல்லை.

இரண்டு சிலிண்டர் கொண்ட 2 ஸ்ட்ரோக் எஞ்சின் நிமிடத்துக்கு 900 சுற்றில் ஓடினால், புகை 1,800 தடவை வெடித்து வெளியேறும். அதாவது செக்கனுக்கு 30 தடவை. காற்றில் இந்த ஒலியின் அலைநீளம் 11 மீற்றருக்கு மேல். அவ்வளவு நீளமான அலைக்குக் கிடுகு வேலியும் தகர மறைப்பும் ஒரு பொருட்டே அல்ல. சுற்றிக்கொண்டு போய்விடும். வீட்டுச் சுவருக்குப் பின்னால் படுத்திருப்பவரின் நெஞ்சில் 'தும் தும்' என்று படுவது இதுதான். அதன் மேலே காதைக் கிழிக்கும் கூரான சத்தம் ஒன்றும் ஏறி வருகிறது. அதற்கு அலைநீளம் குறைவு. கனமான சுவர், மணல் மூட்டை, தும்பு மெத்தை போன்றவை அதைத் தடுக்கும். அடித்தொனிக்குத் தண்ணீர்தான் மருந்து, கூரான சத்தத்துக்கு மறைப்பு உதவும். இதைப் பிரித்துப் பார்க்காமல் தகரத்தை நாலு பக்கமும் நட்டு வைப்பவர்களுக்கு, தகரம் தானும் சேர்ந்து அதிர்வதுதான் மிச்சம்.

புகைவாய் தவிர வேறு மூலங்களும் உண்டு. கார்புரேற்றர் காற்றை இழுக்கும் உறுமல், தளர்ந்த மேல்மூடியின் கடகடப்பு, நியூட்ரலில் கியர்ப் பற்கள் ஒன்றையொன்று தட்டும் ஓசை, சீமெந்துத் தரையில் நிற்கும் இரும்புத் தாங்கி வழியே வீட்டுக்குள் இறங்கும் அதிர்வு. புகைச்சத்தம் அடங்கிய பிறகுதான் இவை காதில் விழத் தொடங்கும்.

துணி அடைக்கக் கூடாது

சத்தம் தாங்காமல் பலருக்கும் முதலில் தோன்றும் யோசனை, புரொப்பல்லர் இருந்த இடத்தில் ஈரச் சாக்கைச் சுற்றிக் கட்டுவது, அல்லது குழலுக்குள் பழந்துணியைத் திணிப்பது. தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். ஒரு நிமிடம் நன்றாகத்தான் இருக்கும். சத்தம் பாதியாகும். பிறகு நடப்பதைக் கவனியுங்கள்.

ஹோஸ் பைப் நிமிடத்துக்குப் பத்து லீற்றர் அளவில் தண்ணீரைக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. எஞ்சினின் பக்கத்தில் பீச்சியடிக்கும் சின்னத் தாரை அதில் ஒரு சிறு பங்குதான். பம்பு ஏற்றும் தண்ணீரின் பெரும்பகுதி புகையோடு சேர்ந்து கீழ்வாயால்தான் போக வேண்டும். வாயைத் துணி அடைத்தால் காலுக்குள் தண்ணீர் தேங்கி மேலேறும். புகை வெளியேற முடியாமல் சிலிண்டருக்குள் பழைய புகையே தங்கும். எஞ்சின் திணறும். திணறுவதைப் பார்த்து நாம் கைபிடியை முறுக்குவோம், பம்பு இன்னும் தண்ணீரை ஏற்றும். ஒரு கட்டத்தில் எஞ்சின் நின்றுபோக, காலுக்குள் நின்ற தண்ணீர் புகைத்துளை வழியே சிலிண்டருக்குள் வழியும். அடுத்துக் கயிற்றை இழுத்தால் பாதியில் கல்லைப் போலப் பிடிக்கும். தண்ணீர் நசியாது. பலத்தை வைத்து இழுத்தால் பிஸ்டன் தண்டு வளையலாம். வளையாமல் தப்பினாலும், 2 ஸ்ட்ரோக் எஞ்சினின் கிராங்க் பெயாரிங்குகளுக்கு எரிபொருளோடு வரும் எண்ணெய்ப் படலம் மட்டுமே காப்பு. உப்புக் கலந்த ஈரம் ஓர் இரவு அங்கே தங்கினால் துரு பிடிக்கத் தொடங்கும். உப்பைக் கழுவப்போய் உப்பை எஞ்சினின் வயிற்றுக்குள் ஊற்றிய கதை.

காலின் பின்புறம், மேல்மூடிக்குச் சற்றுக் கீழே ஒரு சிறு துளை இருக்கும். மெதுவாக ஓடும்போது புகை தண்ணீரைத் தள்ளிக்கொண்டு கீழே போக முடியாததால், மூச்சு விடுவதற்கென்று வைத்த துளை அது. அதையும் அடைக்கக் கூடாது. மேல்மூடியின் மேல் போர்வை போடுவதும் அதே வகைதான்: காற்று போகும் வழி மூடும், சூடு தங்கும், கசிந்த பெற்றோல் ஆவியும் உள்ளேயே நிற்கும்.

எஞ்சினை ஓட்டாமலே கழுவும் வழி

உங்கள் எஞ்சின் 4 ஸ்ட்ரோக் என்றால் முதலில் கையேட்டைத் திறந்து பாருங்கள். பல மாதிரிகளில், ஹோஸ் பைப்பை நேரே திருகி மாட்டுவதற்கென்று ஓர் இணைப்பு எஞ்சினின் பக்கவாட்டில் இருக்கும். யமஹாவின் எஃப் வரிசை எஞ்சின்களில் இது சாதாரணம். அதில் பைப்பை மாட்டி, எஞ்சினை நிறுத்தியபடியே, கால் மணி நேரம் நல்ல தண்ணீரை ஓடவிட்டால் குளிர்நீர் வழிகள் கழுவப்படும். சத்தம் தண்ணீர் ஓடும் சத்தம் மட்டுமே. விடியற்காலை நான்கு மணிக்கும் செய்யலாம்.

இந்த இணைப்பில் தண்ணீர் ஓடும்போது எஞ்சினை ஓடவிடக் கூடாது என்று கையேடு எச்சரித்திருந்தால் அதை அப்படியே கடைப்பிடியுங்கள். தண்ணீர் மேலிருந்து வருகிறதே தவிர, கீழே பம்புக்குள் சுற்றித் தண்ணீரை ஏற்றும் றப்பர் இம்பெல்லருக்குப் போதிய ஈரம் வராது. அந்த றப்பருக்குத் தண்ணீர்தான் எண்ணெய். வரட்சியில் சில செக்கன் சுற்றினாலே இதழ்கள் தேயத் தொடங்கும், கொஞ்சம் நீடித்தால் கருகும். இதே காரணத்தால், இந்த வழிக் கழுவல் பம்பையும் அதற்குக் கீழுள்ள பகுதியையும் ஓடும் எஞ்சின் அளவுக்கு முழுமையாகக் கழுவாது. ஆகவே தினமும் இணைப்பு வழியே கழுவி, வாரத்தில் ஒரு நாள் பகலில் தண்ணீர் நிரப்பிய பரலில் (பீப்பாயில்) ஓட்டிக் கழுவுவதே நல்ல ஏற்பாடு.

நம் பக்கத்தில் கூடுதலாக ஓடும் 2 ஸ்ட்ரோக் எஞ்சின்களில், மண்ணெண்ணெய் எஞ்சின்கள் உட்பட, இந்த வசதி எல்லாவற்றிலும் கிடையாது. அவற்றுக்குப் பரல்தான்.

பரல்

200 லீற்றர் நீலப் பிளாஸ்டிக் பரலே சிறந்தது. இரும்புப் பரல் தானே மேளமாக அதிரும். தவிர, எரிபொருள் இருந்த இரும்புப் பரலைக் கிரைண்டரால் வெட்டுவது உயிராபத்து, உள்ளே தங்கிய ஆவி தீப்பொறி பட்டால் வெடிக்கும். பிளாஸ்டிக் பரலைக் கைவாளால் வெட்டிவிடலாம். உள்ளே முன்பு என்ன இருந்தது என்று கேட்டு, நன்றாகக் கழுவிக்கொள்ளுங்கள்.

பரலின் உட்குறுக்களவு ஏறத்தாழ 57 செ.மீ., உயரம் 88 செ.மீ. முழு உயரத்தில் விட்டால் எஞ்சினின் பிடி பரலின் விளிம்பில் இடிக்கும். 65 செ.மீ. உயரத்தில் சுற்றி வெட்டுங்கள். வெட்டிய விளிம்பில் பழைய ஹோஸ் பைப்பை நீளவாக்கில் கீறிச் செருகிவிட்டால் கையையும் காலின் பெயின்ற்றையும் அது கீறாது. 57 செ.மீ. உயரத்தில் ஒரு துளையிட்டு, வழிந்தோடும் தண்ணீரை எடுத்துச்செல்ல ஒரு குழாய்த் துண்டைப் பொருத்துங்கள்.

தாங்கியின் உயரம்தான் பலரும் தவறும் இடம். காலின் நுனிக்கும் பரலின் அடிக்கும் இடையே 10 செ.மீ. இருக்க வேண்டும். நுனியிலிருந்து புரொப்பல்லருக்கு மேலுள்ள கிடைத்தட்டு வரை, எஞ்சினைப் பொறுத்து, 30 முதல் 35 செ.மீ. தட்டிலிருந்து எஞ்சினைக் கொளுவும் பலகையின் மேல்விளிம்பு வரை, குட்டைக் கால் என்றால் 15 அங்குலம், நெட்டைக் கால் என்றால் 20 அங்குலம். கூட்டிப் பார்த்தால் குட்டைக் காலுக்குப் பலகை நிலத்திலிருந்து ஏறத்தாழ 80 செ.மீ. உயரத்திலும், நெட்டைக் காலுக்கு 93 செ.மீ. அளவிலும் வரும். பலகை பரலுக்கு வெளியே, கால் பரலுக்கு உள்ளே. பலகை 4 செ.மீ. தடிப்பிலாவது இருக்கட்டும். மெல்லிய பலகையில் மாட்டினால் பிடி திருகுகள் அதிர்வில் தளரும்.

தண்ணீர் தட்டுக்கு மேல் 10 செ.மீ. நிற்க வேண்டும். அப்போதுதான் தண்ணீர் உறிஞ்சும் வாயும் புகைவாயும் நிச்சயமாக மூழ்கியிருக்கும். அந்த மட்டத்துக்கு 130 முதல் 140 லீற்றர் பிடிக்கும். ஒவ்வொரு செ.மீ. உயரத்துக்கும் இரண்டரை லீற்றர் என்று நினைவில் வைத்தால் போதும். தண்ணீர் புகைவாயை அமுக்கி எஞ்சினைத் திணறடிக்கும் என்று பயப்படத் தேவையில்லை. கடலில் நிற்கும்போது இருக்கும் ஆழமும் ஏறத்தாழ இதுதான். எஞ்சின் இந்த அமுக்கத்துக்கென்றே செய்யப்பட்டது.

புரொப்பல்லரைக் கழற்றிவிடுங்கள். கழற்றாமல் ஓட்டி, தற்செயலாகக் கியர் விழுந்தால் தண்ணீர் முழுவதும் வெளியே, கைக்கும் ஆபத்து. நட்டைப் பூட்டியிருக்கும் கொட்டர் பின்னை நிமிர்த்தி எடுத்து, நட்டு, வொஷர், புரொப்பல்லர், பின்னால் உள்ள தடித்த வொஷர் என்று வந்த வரிசையிலேயே ஒரு துணியில் அடுக்கிவையுங்கள். இந்த வேளையில் தண்டின் அடியை உற்றுப் பாருங்கள். தங்கூசி (நைலோன் இழை) சுற்றியிருக்கும். முதலில் மயிர்போல ஒரு சுற்று, நாளடைவில் சூட்டில் உருகி இறுகிய பச்சை வளையம். அது எண்ணெய் கசியாமல் காக்கும் சீல் வளையத்தை அறுத்து, கியர் பெட்டிக்குள் தண்ணீரை விடும். கியர் எண்ணெய் பால்போல வெளுத்திருந்தால் அந்த வேலை ஏற்கெனவே நடந்துவிட்டது என்று அர்த்தம்.

கியர் நியூட்ரலில் இருக்கிறதா, நிறுத்தும் கயிறு கையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எஞ்சினை ஓடவிடுங்கள். சில செக்கனில் பக்கத் துவாரத்தால் தண்ணீர் பீச்ச வேண்டும். அரை நிமிடத்துக்குள் வராவிட்டால் உடனே நிறுத்துங்கள். பெரும்பாலும் துவாரத்தின் நுனியில் உப்போ மணலோ கட்டியிருக்கும், மெல்லிய கம்பியால் குத்திவிட்டால் சரி. அதன் பிறகும் வராவிட்டால் இம்பெல்லரைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

எவ்வளவு நேரம்? சூடேறினால் திறக்கும் தெர்மோஸ்டாட் உள்ள எஞ்சின்களில், அது திறக்காத வரை சிலிண்டரைச் சுற்றியுள்ள அறைகளில் தண்ணீர் முழுதாகச் சுழலாது. சிறிய எஞ்சின்கள் பலவற்றில் 50 பாகை செல்சியஸ் அளவில் திறக்கத் தொடங்கும். அதற்கு மெதுவோட்டத்தில் சில நிமிடங்கள் பிடிக்கும். பீச்சும் தாரையில் கை வைத்தால் தெரியும்: குளிராக வந்தது மெல்லச் சூடேறி இளஞ்சூட்டில் நிற்கும். அங்கிருந்து ஐந்து நிமிடம். மொத்தம் பத்து, பன்னிரண்டு நிமிடம். இரண்டு நிமிடம் ஓட்டி நிறுத்துவதில் சத்தம்தான் மிச்சம், உப்பு உள்ளேயே இருக்கும். சத்தத்துக்குப் பயந்து நேரத்தைக் குறைப்பதைவிட, சத்தத்தைக் குறைத்து முழு நேரமும் ஓட்டுவதே எஞ்சினுக்கு நல்லது.

அதே தண்ணீர்தானே திரும்பத் திரும்பச் சுற்றுகிறது, உப்பும் சுற்றாதா என்று கேட்பார்கள். ஒரு லீற்றர் கடல்நீர் எஞ்சினுக்குள் தங்கியிருந்தது என்று வைத்தால், அதில் 35 கிராம் உப்பு. 130 லீற்றரில் கரைந்தால் லீற்றருக்கு கால் கிராம் சொச்சம். கடலின் உப்பில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. இரண்டு மூன்று தடவை பயன்படுத்தலாம். அதற்கு மேல் வைத்திருக்கக் கூடாததற்குக் காரணம் எண்ணெய். 2 ஸ்ட்ரோக் எஞ்சின் பரலில் ஓடும்போது முதல் நிமிடத்திலேயே தண்ணீரின் முகத்தில் வானவில் நிறத்தில் படலம் விரிவதைக் காணலாம். ஹோஸ் பைப்பை மெதுவாகத் திறந்துவிட்டால் அந்தப் படலம் வழிகுழாயால் வெளியேறும். வெளியேறுவது எங்கே போகிறது என்பது முக்கியம். நம் கரையோர நிலம் மணல், கிணறுகள் ஆழமற்றவை. கிணற்றடியில் ஊற்றிய எண்ணெய் கிணற்றுக்குள் வரும். வழிகுழாயின் கீழே தும்பு நிரப்பிய வாளி ஒன்றை வைத்து, அதனூடாக வடியவிடுங்கள். எண்ணெயில் பெரும்பகுதியைத் தும்பு பிடித்துக்கொள்ளும். பரலில் தண்ணீரை விட்டுவைத்தால் நுளம்பு பெருகும், ஒரு வாரம் போதும் அதற்கு. வேலை முடிந்ததும் பரலைக் கவிழ்த்துவிடுங்கள், அல்லது வலையால் இறுக மூடுங்கள்.

பரலில் இன்னொரு தொல்லை: குமிழ்களோடு வரும் புகை பரலின் வாயைச் சுற்றித் தேங்கி, எஞ்சின் அதையே மறுபடி உள்ளிழுத்துத் திணறும். காற்று வரும் திசையில் எஞ்சினின் முகமும், காற்றுப் போகும் திசையில் பரலும் இருக்கும்படி வைத்தால் இது வராது.

தண்ணீர் குறைவாக உள்ள வீட்டில்

குடிநீர்க் குழாயில் அழுத்தம் குறைந்த நாளில் 130 லீற்றர் பெரிய அளவுதான். அதற்கு ஒரு பாதி வழி உண்டு. உறிஞ்சும் வாய்களில் பொருத்தும் இரட்டை றப்பர்க் கப் இருக்கிறதல்லவா, அதை வழக்கம்போல மாட்டி, காலின் நுனியை மட்டும் ஓர் அகன்ற பிளாஸ்டிக் தொட்டிக்குள் இறக்குங்கள். புரொப்பல்லர் நடுக்குழல் முழுதாக மூழ்கி, அதற்கு மேல் ஐந்தாறு செ.மீ. தண்ணீர் நின்றால் போதும். 30 செ.மீ. ஆழமான தொட்டியே தாராளம். குளிர்நீரை கப் கொடுக்கும், சத்தத்தைத் தொட்டி அடக்கும். முழுப் பரல் அளவுக்கு அடங்காது. ஆனால் வெறும் கப்பில் ஓட்டுவதோடு ஒப்பிட்டால் வேறுபாடு ஒழுங்கைக்கே தெரியும். தட்டுக்கு அடியில் புகைவாய் உள்ள சிறிய எஞ்சின்களுக்கு இது பொருந்தாது, அவற்றுக்குத் தட்டுவரை தண்ணீர் வேண்டும்.

கப் மாட்டும் முன் குழாயைச் சோதியுங்கள். 20 லீற்றர் வாளி இரண்டு நிமிடத்துக்குள் நிரம்ப வேண்டும். அதற்கு மேல் எடுத்தால் தண்ணீர் போதாது, மேல்தொட்டியிலிருந்து தடித்த பைப்பில் நேரே இறக்க வேண்டும். கப் நழுவினால் சத்தத்திலேயே தெரியும்: காலுக்குள் தண்ணீர் இல்லாமல் ஒலி திடீரென்று வறண்டு கூராகும். அப்போது முதலில் எஞ்சினை நிறுத்துங்கள், பிறகு கப்பைப் பாருங்கள்.

நகரத்துக்குக் கந்தளாய்க் குளத்திலிருந்து வரும் குழாய்த் தண்ணீர் இந்த வேலைக்கு நல்லது. நிலாவெளி, சாம்பல்தீவு போன்ற கரையோரக் கிணறுகளில் சில, கோடையில் உவர் ஏறும். சவர்க்காரம் நுரைக்காத தண்ணீரில் எஞ்சின் கழுவுவதில் அரைப் பயன்தான். மூதூர்ப் பக்கம், மகாவலி கொட்டியாரக் குடாவில் விழும் இடத்துக்கு அண்மையில் படகு கட்டுவோருக்கு மழைக்காலத்தில் இன்னொரு வசதி உண்டு. ஆற்றுக்குள் சற்றுத் தூரம் மெதுவாக ஏறி வந்தால், நல்ல தண்ணீர் தானே எஞ்சினைக் கழுவிவிடும், வீட்டுக்குச் சத்தமே வராது. கலங்கலும் மணலும் உள்ள இடத்தில் மட்டும் இதைச் செய்யக் கூடாது, இம்பெல்லர் தேயும்.

மிச்சச் சத்தம்

பரலில் இறக்கிய பிறகும் ஒரு 'தட் தட்' கேட்கும். அது காலின் பின்புற மூச்சுத் துளையிலிருந்து. அடைக்க முடியாது, திசை திருப்பலாம். எஞ்சினின் முதுகு பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்க்காமல், கடலையோ வெறும் வளவையோ பார்க்கட்டும். இரண்டு மதில்கள் சந்திக்கும் மூலையில் தாங்கியை வைப்பதைப் போலக் கெட்ட இடம் வேறில்லை. இரு மதிலும் ஒலியைச் சேர்த்து எறியும். திறந்த வெளியில் தூரம் இருமடங்காகும்போது 6 டெசிபெல் குறையும். வேலியிலிருந்து 3 மீற்றரில் இருந்த தாங்கியை 12 மீற்றருக்கு நகர்த்தினால் 12 டெசிபெல். காசு செலவில்லாமல் கிடைக்கும் பெரிய குறைப்பு இதுதான்.

மறைப்பு வேண்டுமென்றால் துளைக்கு எதிரே ஒரு மீற்றர் தள்ளி மணல் மூட்டைகளை எஞ்சினின் உயரத்துக்கு அடுக்கி, உட்பக்கம் பழைய தும்பு மெத்தையைச் சாய்த்துவையுங்கள். மணல் ஒலியைத் தடுக்கும், தும்பு திரும்பிவரும் ஒலியை விழுங்கும். இரண்டு பக்கமாவது திறந்திருக்க வேண்டும். மூடிய கொட்டிலுக்குள் எஞ்சினை ஓட்டவே கூடாது. புகையில் உள்ள கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை, மயங்கி விழும்வரை தெரியாது.

தாங்கியின் கால்களுக்குக் கீழே பழைய டயர்த் துண்டுகளை இரட்டையாக வைத்தால், தரை வழியே வீட்டுக்குள் போகும் அதிர்வு பெருமளவு நிற்கும். மணல் தரையில் நின்றால் இதுவும் வேண்டாம். மேல்மூடியைக் கழற்றி வைத்து ஓட்டும் பழக்கத்தை விட வேண்டும். மூடியின் விளிம்பு றப்பர் தேய்ந்து கொக்கி ஆடினால், மூடி இருந்தும் பயனில்லை. கார்புரேற்றரின் முன்னால் இருக்கும் காற்றுப் பெட்டியைச் சிலர் 'தேவையில்லாத சாமான்' என்று கழற்றி எறிந்திருப்பார்கள். அது இழுப்புச் சத்தத்தை அடக்கும் பெட்டி, திரும்பப் பொருத்துங்கள்.

மண்ணெண்ணெய் எஞ்சின்காரருக்கு ஒரு சொல். கழுவும் பத்து நிமிடமும் பெற்றோலில் ஓட்டுங்கள். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் சரியாக ஆவியாகாது. மெதுவோட்டத்தில் அடி தப்பும், புகை தள்ளும், பிளக் கரி பிடிக்கும். அடி தப்புவதைத் தவிர்க்கச் சுற்றைக் கூட்டி வைப்பார்கள், சத்தம் அதோடு ஏறும். பெற்றோலில் கையேடு சொல்லும் மெதுவோட்டச் சுற்றுக்கே இறக்கலாம். எண்ணெய் விகிதம் 50க்கு 1 என்றால் ஒரு லீற்றருக்கு 20 மில்லிலீற்றர். உங்கள் எஞ்சினின் விகிதம் வேறாக இருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

எத்தனை மணிக்கு

தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் 1996இல் வந்த ஒலிக் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகளில் காலை 6 மணி முதல் மாலை 6 மணி வரைதான் பகல். நகர, மாநகர சபை எல்லைக்குள் வளவின் எல்லையில் பகலில் 63 டெசிபெல், இரவில் 50. பிரதேச சபைப் பகுதிகளில் 55, 45. வைத்தியசாலை, பாடசாலை, நீதிமன்றம் போன்றவற்றின் எல்லையிலிருந்து 100 மீற்றருக்குள் 50, 45. அதாவது, விடியப்புறம் 5 மணிக்குக் கரை சேர்ந்து உடனே கப்பில் ஓட்டினால் அது சட்டத்தின் கண்ணிலும் இரவுச் சத்தம்தான். ஒன்றிரண்டு மணி நேரம் பொறுப்பதால் எஞ்சினுக்குக் கெடுதல் இல்லை. உப்பு உலர்ந்து இறுகுவது நாள்கணக்கில் விடும்போதுதான். ஆகையால் மீனை அனுப்பிவிட்டு, தேநீர் குடித்துவிட்டு, ஏழு மணிக்குக் கழுவுங்கள். பரீட்சைக் காலத்தில் படிக்கும் பிள்ளை இருக்கும் வீட்டுக்கு ஒரு சொல் சொல்லிவிட்டு ஆரம்பிப்பதும் நல்லது.

ஓட்டுபவரின் காதையும் மறக்க வேண்டாம். ஒரு மீற்றர் தள்ளி நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால் சத்தம் 85 டெசிபெல்லைத் தாண்டியிருக்கிறது என்று கொள்ளலாம். 85இல் எட்டு மணி நேரம் தாங்கும் காது, ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் பாதி நேரம்தான் தாங்கும். 100இல் 15 நிமிடம். இரவெல்லாம் எஞ்சினுக்குப் பக்கத்தில் இருந்துவிட்டு வந்த காதுக்கு அந்தக் கணக்கில் மிச்சம் குறைவு. நுரை அடைப்பான் ஒரு சோடி வாங்கி எஞ்சின் பெட்டியிலேயே போட்டுவையுங்கள்.

நிறுத்தும் முறை

நிறுத்தியதும் எஞ்சினைச் சாய்த்துவிடக் கூடாது. பரலிலிருந்து தூக்கி, நிமிர்ந்தபடியே ஐந்து நிமிடம் தொங்கவிடுங்கள். காலுக்குள் நிற்கும் தண்ணீர் வடிவது கண்ணுக்குத் தெரியும், முதலில் ஓட்டமாக, பிறகு சொட்டுச் சொட்டாக. சொட்டு நின்ற பிறகு படுக்கவைத்தாலும் தலை கால்மட்டத்துக்கு மேலேயே இருக்கட்டும். தலை தாழ்ந்தால் மிச்சத் தண்ணீர் புகைத்துளை வழியே சிலிண்டருக்குப் போகும்.

வாடைக்காலத்தில், கார்த்திகை தொடங்கி மாதக்கணக்கில் எஞ்சினை மூலையில் வைக்கும்போது, கார்புரேற்றர் வழியே எண்ணெய் விசிறிப் புகை கக்க ஓட்டும் வழக்கம் உண்டு. அந்தப் பெரும் சத்தமும் புகையும் இல்லாமலே அதைச் செய்யலாம். கடைசிக் கழுவலின் முடிவில் எரிபொருள் குழாயைக் கழற்றி, கார்புரேற்றர் காலியாகி எஞ்சின் தானாக நிற்க விடுங்கள். நிறுத்தும் கயிற்றின் கொக்கியை எடுத்துவிட்டு, பிளக்குகளைக் கழற்றி, அவற்றின் வயர்களை எஞ்சின் உடலோடு தொட வையுங்கள். ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு தேக்கரண்டி 2 ஸ்ட்ரோக் எண்ணெய் ஊற்றி, தொடக்கக் கயிற்றை நான்கைந்து தடவை மெதுவாக இழுத்தால் சுவரெங்கும் படலம் பிடித்துவிடும்.